நடுச்சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தது



போன மாதம் என் சைக்கிளைப் பூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் விட்டிருந்தேன். அழுத்தி மிதித்தால் செயின் நழுவியது. கடைக்காரப் பெரியவர் கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். முன்னால் மூன்று பல்சக்கரங்கள். நடுவில் இருந்ததன் பற்கள் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்து கூர்த்திருந்தன. பெரியதிலும் சின்னதிலும் கறுப்புப் பூச்சுகூடப் போகவில்லை. "இத்தன வருசமும் இந்த ஒண்ணத்தானுங்க மிதிச்சிருக்கீங்க. மத்த ரெண்டும் சும்மா கூட வருதுங்க" என்றார்.

21 கியர் என்று சொல்லித்தான் வாங்கினேன். அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. முன்னால் 42, பின்னால் 28 என்று வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. 24-க்கு 16 வைத்தாலும் அதே ஒன்றரை. 34-க்கு 22 வைத்தால் அதைவிடத் துளி கூடுதல். ஒரே வேகத்துக்கு மூன்று வழிகளைச் சுமந்துகொண்டு வடவள்ளியிலிருந்து லாலி ரோடு வழியாக ஆர்.எஸ்.புரத்துக்குப் போய்வந்திருக்கிறேன்!

மாற்றிவிடலாம் என்று முடிவானது. மூன்றும் ரிவெட் அடித்தவை, அதனால் கிராங்கையே மாற்ற வேண்டியிருந்தது. 34 பல்லில் ஒற்றைச் சக்கரம் போட்டோம். அது பின்னால் உள்ள ஏழில் நாலாவதற்கு நேராக நிற்க வேண்டும். பெரியவர் நிஜமாகவே நூல் பிடித்துப் பார்த்தார். இடது கைப்பிடியிலிருந்த கியர் லீவர், கேபிள், செயினைச் சக்கரம் மாற்றிவிடும் முன்பக்க டீரெய்லர் எல்லாம் கழன்றன. செயினில் இரண்டு அங்குலம் குறைந்தது. பின்னால் ஏழும் சேர்ந்த பழைய ஃப்ரீவீலில் புதுச் செயின் நிற்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம்.

முன் டீரெய்லர் இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது செயின் வெளியே குதிக்கலாம். அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் 2012-இல் மலைச் சைக்கிளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் 11 என்று கொண்டுவந்தபோது, முன் பல்சக்கரத்தில் ஒரு பல் தடிமன், அடுத்தது மெலிசு என்று மாற்றி மாற்றி வைத்தது. செயினின் அகல இடைவெளியில் தடித்த பல்லும் குறுகியதில் மெலிந்த பல்லும் அமர்ந்துகொள்ளும். அதே வகைப் பல்தான் என் சைக்கிளிலும் இப்போது.

பின்னால் உள்ள ஏழையும் நான் விடுவதாக இல்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, சாயங்காலம் வேளாண் பல்கலைக்கழகம் தாண்டி வீட்டுப் பக்கம் மிதித்தவர்களுக்கு அந்த 28-இன் அருமை தெரியும். மருதமலை மேலேறுகிறவர்களுக்கு மட்டும் 34-28 பற்றாது. அவர்கள் சின்னச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இல்லையென்றால் பின்னால் 34 பல் வரை போகும் ஃப்ரீவீலையும் அதற்கேற்ற டீரெய்லரையும் போட்டுக்கொள்ளலாம்.

வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. பைகாரா மின்சாரம் வந்தபின் 1930-களில் நம் ஊரில் மில்கள் பெருகின. அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை, சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்தது! எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, ஹேண்டில்பாரில் தூக்குவாளி, கேரியரில் அம்மா, பாரில் நான். எதிர்காற்றிலும் அவர் இறங்கித் தள்ளி நான் பார்த்ததில்லை.

அந்த மில் சைக்கிள்களைப் பற்றி ஒரு தனிப்பகுதி கொண்டுவர ஆசைப்படுகிறேன். சிங்காநல்லூர், பீளமேடு, திருப்பூர், உடுமலை என்று எங்கிருந்தாலும் உங்கள் வீட்டுப் பழைய படத்தைத் தேடி அனுப்புங்கள். சைக்கிள் பாதி தெரிந்தாலும் போதும். பின்பக்கத்தில் பென்சிலால் யார், எந்த மில், எந்த ஷிப்ட் என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்