விலைச்சீட்டில் ஏறாத கணக்கு

தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவு வந்து கல்வி பயிலும் நாம், திருப்பூர் என்ற பெயரைக் கேட்டால் பெருமிதம் கொள்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவிலிருந்து அயல்நாடு செல்லும் பருத்திப் பின்னலாடைகளில் பெரும்பகுதி அந்த ஒரு நகரின் கைவண்ணம். ஆனால், பெருமை பேசுவோர் கணக்கும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த ஆடையின் விலைச்சீட்டில் ஏறாத செலவு ஒன்று நீண்ட நாள் இருந்தது. அதைச் செலுத்தியவர் ஆடையை வாங்கியவர் அல்லர், விற்றவரும் அல்லர். நொய்யல் ஆற்றங்கரையில் உழுதவர்.

பருத்தியில் சாயம் நன்கு பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமாயின், ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புச் சேர்ப்பதுண்டு. சாயம் துணியில் ஏறும். உப்போ நீரிலேயே நின்றுவிடும். கழிவுநீரின் நிறத்தைக் குறைத்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது அத்துணை எளிதன்று. அதற்குப் பெரும்பணம் வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தும் வழி ஒன்றே: நீரை ஆற்றில் விட்டுவிடுவது.

விளைவு என்ன? பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர், திறக்க வேண்டா என்று கெஞ்சும் நிலை வந்தது. இதைவிடக் கொடுமை ஓர் அணைக்கு உண்டோ?

உழவர் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் விதித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. ஆகவே 2011 ஜனவரியில், விதியை நிறைவேற்றும் வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயமிடாத துணியைத் தைத்து யாருக்கு அனுப்புவது? பனியன் கம்பெனிகளும் தள்ளாடின. கழிவு கலந்த ஆறு உழவன் வயிற்றில் அடித்தது. மூடிய பட்டறை தொழிலாளி வயிற்றில் அடித்தது.

இன்று நிலை மாறியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து, எஞ்சியதை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகிறார்கள். முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது. இது திருப்பூரின் உண்மையான பெருமை. ஆயினும் இதற்கு மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்போ இன்னும் தீராத தலைவலி.

இச்செலவை யார் தாங்குவது? இங்கேதான் வழக்கு இருக்கிறது. அயல்நாட்டுப் பெருங்கடைகள் ஆற்றைக் காப்பது பற்றி அழகிய நெறிமுறைகள் அச்சிடுகின்றன. சாயப்பட்டறைக்காரர் அதில் கையொப்பமிட வேண்டும். பிறகு, ஆடைக்குச் சில காசு குறைத்தால்தான் ஆர்டர் என்ற பேரமும் நடக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்!

விலையை ஏற்றினால் ஆர்டர் வேறிடம் போய்விடும் என்பர் சிலர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஓர் ஊர் மட்டும் விதியைக் காத்தால், சாயம் விதி தளர்ந்த ஊருக்குப் போகும். கெடும் ஆற்றின் பெயர் மட்டுமே மாறும். ஆகவே மூன்று செய்ய வேண்டும். நீரைத் தூய்மை செய்யும் செலவை விலைப்புள்ளியில் தனி வரியாகக் காட்ட வேண்டும். அந்த வரியில் பேரம் கூடாது. சுத்திகரிப்புக்குக் கடன் வாங்கியவன் அதை அடைக்கும் வகையில், ஆர்டர்கள் ஒரு பருவத்துக்கன்றிச் சில ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். விதியும் கண்காணிப்பும் எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களிலுள்ள கம்பெனிகள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக் குறித்து ஆண்டறிக்கையில் விவரம் தர வேண்டும் என்ற செபியின் விதி 2022-23 முதல் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால், அறிக்கை ஆற்றைக் கழுவாது. அறிக்கையில் எழுதியது விலையிலும் ஏற வேண்டும்.

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை பொறியாளராவோம், சிலர் கணக்கராவோம், சிலர் பெரிய கம்பெனிகளில் கொள்முதல் செய்வோம். மிகக் குறைந்த விலை கேட்ட சீட்டு நம் மேசைக்கு வரும். வாங்கிக்கொண்டு மகிழ்வதற்கு முன், இதில் எந்தச் செலவு விடுபட்டிருக்கிறது, அதை எந்த ஊரார் கட்டுகிறார்கள் என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை கிடைத்த பின் கையொப்பமிடுவோம்.