அமெரிக்க விடுதலைப் புரட்சி: மாறியதும் மாறாததும்

ஆட்சி மாறுவது வேறு. வாழ்வு மாறுவது வேறு. முன்னது ஒரு நாளில் நிகழ்ந்துவிடலாம். பின்னது தலைமுறைகளின் உழைப்பை வேண்டும். 'புரட்சி' என்னும் சொல்லையோ நாம் இவ்விரண்டிற்கும் வேறுபாடின்றி வழங்கி வருகிறோம். அச்சொல்லை எடைபோட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு அமெரிக்க விடுதலைப் புரட்சி நல்லதொரு துலாக்கோல். 1776ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை விடுதலைப் பிரகடனத்தை ஏற்றது. அதன்பின் அங்கே மாறியது என்ன? மாறாதிருந்தது என்ன?

வரலாற்றறிஞர் இவ்வினாவிற்கு ஒரே விடை தந்தாரல்லர். அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தோர் தம் உடைமை நலன்களைக் காத்துக்கொண்டனர் என்று 1913இல் சார்லஸ் பியர்டு வாதிட்டார். நிலவுடைமையையும் சமூக உறவுகளையும் அசைத்த சமுதாய இயக்கமாக அப்புரட்சியைக் கண்டார் ஜேம்சன். அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1926. மன்னராட்சிச் சமூகத்தின் மேல் கீழ் உறவுகளையே தகர்த்த, வேர்வரை சென்ற புரட்சி அது என்று 1992இல் கார்டன் வுட் எழுதினார். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் நாம் கருதுவது இது: அப்புரட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் பழைமையைக் காக்க முனைந்தவர்களே. அவர்கள் எழுதிவைத்த சொல், அவர்களால் விலக்கப்பட்டோர் கைக்குச் சென்றபோதுதான் புரட்சியாயிற்று.

தொடக்கத்தை நோக்குவோம். 1765இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் முத்திரைச் சட்டத்தை இயற்றி, குடியேற்ற நாடுகளின் பத்திரங்கள் மீதும் செய்தித்தாள்கள் மீதும் வரி விதித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் கேட்டது புதிய உரிமையா? இல்லை. ஆங்கிலேயர் என்ற முறையில் தமக்கு வழிவழியாக உரிய பழைய உரிமையையே கேட்டனர். தம் பேராளர் இல்லாத மன்றம் தம்மீது வரி விதித்தல் ஆகாது என்றனர். போர் மூண்ட பின்னரும் உள்ளூர்ச் சட்டமன்றங்கள், வழக்குமன்றங்கள், ஆங்கிலப் பொதுச் சட்டம் ஆகியவை பெரிதும் நிலைத்தே இருந்தன. கனெக்டிகட், ரோட் தீவு ஆகிய இரு மாநிலங்கள், மன்னர் வழங்கிய பட்டயத்தையே தம் அரசியல் சட்டமாகத் தொடர்ந்து வைத்துக்கொண்டன. கனெக்டிகட் புதிய சட்டம் வகுத்தது 1818இல். ரோட் தீவு வகுத்தது 1842இல். மன்னரை விலக்கியவர்கள் மன்னரின் பட்டயத்தை விலக்கவில்லை.

இதனால் ஒன்றுமே மாறவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. மன்னர் இல்லாமல் ஒரு பெருநாட்டை ஆளவியலும் என்பதே அக்காலத்தில் பலர் நம்ப மறுத்த செய்தி. பிரபுப் பட்டங்களை 1787ஆம் ஆண்டு அரசியல் சட்டம் தடை செய்தது. தந்தையின் நிலம் மூத்த மகனுக்கே என்னும் முறையை வர்ஜினியா 1785இல் கைவிட்டது. சமய உரிமைச் சட்டத்தை 1786இல் நிறைவேற்றியதும் அதே மாநிலம்தான். அச்சட்டத்தில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கக் கொணர்ந்த திருத்தம் பெரும்பான்மையால் தள்ளப்பட்டது என்றும், யூதர், கிறித்தவர், முஸ்லிம், இந்து ஆகிய அனைவர்க்கும் அதன் பாதுகாப்பு உரியது என்றும் அதனை இயற்றிய ஜெஃபர்சன் பிற்காலத்தில் எழுதினார். அந்நூற்றாண்டில் இது சிறிய சொல்லன்று.

ஆனால் அதே ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று எழுதிய கை அது. 1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் மக்கள் ஏறத்தாழ 39 லட்சம். அவருள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அடிமை வாணிகத்தை 1808 வரை தடுக்கலாகாது என்று அரசியல் சட்டமே அரண் செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு சயீத் என்பார், அவ்வாயில் அடைபடுவதற்கு ஓராண்டு முன்னர், 1807இல், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார், அடிமையாகவே மறைந்தார். சட்டத்தின் நிழல் முஸ்லிமுக்கும் உண்டு என்று ஏட்டில் இருந்தது. அந்நிழலில் நிற்க முதலில் அவர் மனிதராக எண்ணப்பட வேண்டும் அல்லவா?

பெண்டிர் நிலையும் இத்தகையதே. சொத்துடைய பெண்கள் வாக்களிக்க 1776ஆம் ஆண்டு நியூ ஜெர்சி அரசியல் சட்டம் இடந்தந்தது; 1807இல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. பூர்வகுடி மக்களுக்கோ புரட்சி பேரிழப்பாகவே முடிந்தது. அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறலாகாது என்று இங்கிலாந்து மன்னர் 1763இல் இட்ட தடை, மன்னராட்சியோடு சேர்ந்தே நீங்கிற்று. 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் அவர்தம் நிலங்கள் அவரைக் கேளாமலே கைமாறின.

அப்புரட்சி பேரரசு என்னும் அமைப்பையும் வீழ்த்தவில்லை. அதற்கு நம் மண்ணே சான்று. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகக் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, இங்கே நம்மை ஆளத் தொடங்கியிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1782இல் பென்சில்வேனியா மாநிலத்தார் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு, அக்கம்பெனியை எதிர்த்து நின்ற ஹைதர் அலியின் பெயரையே சூட்டியிருந்தனர். ஆயினும், 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், 1786இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்தார். 1792இல் திப்பு சுல்தானின் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழக்கச் செய்தார். திண்டுக்கல்லும் பாரமகாலும் கம்பெனியார் கைக்குச் சென்றன. அங்கே தோற்ற பேரரசு இங்கே வேரூன்றிற்று.

அப்படியானால் அப்புரட்சியின் பயன் யாது? மாசச்சூசெட்சில் வாழ்ந்த எலிசபெத் ஃப்ரீமன் என்னும் அடிமைப் பெண் எழுத்தறியாதவர். அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மாந்தர் யாவரும் உரிமையுடையோராகவும் சமமானவராகவும் பிறந்தனர் என்று கூறியது. அவர் 1781இல் வழக்குமன்றம் ஏறினார். சட்டம் அவ்வாறு கூறின் தாம் எங்ஙனம் அடிமை என்பதே வழக்கு. அவர் வென்றார். பின்வந்த வழக்குகளும் அவ்வழியே செல்ல, 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாநிலத்தில் ஓர் அடிமையும் பதிவாகவில்லை. சட்டம் எழுதிய பெருமக்கள் தாமாக முன்வந்து அளித்த விடுதலை அன்று இது; எழுதியதை எழுதியவாறே நிறைவேற்றுக என்று ஒரு பெண் கேட்டதால் திறந்த வாயில்.

அவ்வாயிலின் வழியே பலர் நடந்தனர். 1848இல் செனிகா ஃபால்சில் கூடிய பெண்கள், பிரகடனத்தின் நடையிலேயே ஆண் பெண் சமத்துவத்தை அறிவித்தனர். ஃபிரெடெரிக் டக்ளஸ் 1852இல், அடிமைக்கு இந்த விடுதலை நாள் எதற்கு என்று வினவினார். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1865இல். பெண்களின் வாக்குரிமை நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத்தில் ஏறியது 1920இல். 1945இல் வியத்நாமின் விடுதலையை அறிவித்த ஹோ சி மின், அமெரிக்கப் பிரகடனத்தின் கருத்தை எடுத்துக்காட்டியே தம் உரையைத் தொடங்கினார். எழுதியோர் எண்ணிப் பாராத நாட்டில், எண்ணிப் பாராத மக்களுக்கு அச்சொல் பயன்பட்டது.

ஆகவே, ஒரு விடுதலைப் புரட்சியை அளக்க, தலைவர்களின் சிலைகளை எண்ணிப் பயனில்லை. அதனால் கடைசி மனிதனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டல் வேண்டும். கிடைக்காதபோது கேட்பதற்கு அவன் கையில் எச்சொல்லை அது விட்டுச் சென்றது என்றும் காணல் வேண்டும். முதல் அளவையில் அமெரிக்கப் புரட்சி குறையுடையது. இரண்டாம் அளவையில் வளமுடையது. குறையைச் சுட்டுவோர் நன்றி மறந்தவர் ஆகார். எலிசபெத் ஃப்ரீமனைப் போல், அச்சொல்லை மெய்யென்று நம்பியவர் அவர்களே.

முன்னோர் எழுதிவைத்த உரிமைச் சொல் பின்னோர் கையில் ஓர் அமானிதம். பெட்டியில் பூட்டி வைத்துப் போற்றுவதால் அமானிதம் நிறைவேறாது. உரியவரிடம் சேர்ப்பிக்கும்போதே நிறைவேறும். நம் நாட்டு அரசியல் சட்டத்தைப் பயிலும் மாணவர்கள் அதில் எழுதப்பட்டிருப்பது யார்யாருக்குச் சேர்ந்தது, யாருக்கு இன்னும் சேரவில்லை என்று கேட்கப் பழகட்டும். அக்கேள்வியைப் பெரியோர்கள் அடக்காமல் வளர்க்கட்டும். புரட்சியின் எஞ்சிய பணி அதுவே.