கதரணிந்த மாணவரும் கரிசற்காட்டு உழவரும்

கோவில்பட்டிக் கரிசற்காட்டிலே, புரட்டாசி விதைப்புக்கு விடியுமுன் புறப்படும் உழவர் ஒரு கலயம் கம்பங்கூழைக் குடித்துவிட்டு உச்சிப்பொழுது வரை உழைக்கிறார். அக்கூழ் அவர் தோளில் வலிமையாக மாறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு உலகம் கண்ட விடையில் ஒரு பெரும்பகுதி, பழைய சென்னை ராஜதானியின் புதல்வர் ஒருவர் உழைப்பால் கிட்டியதென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1895-ல் பீமவரத்திற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் பூண்டார். பேராசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. நன்கு கற்றும், முழுப் பட்டம் மறுக்கப்பட்டுத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. பின்னர் அமெரிக்கா ஏகி, ஹார்வர்டு சர்வகலாசாலையில் பிஸ்க் என்பாருடன் ஆராய்ந்து, 1929-ல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டார்.

ஏ.டி.பி. என்பது உடலின் செலவாணி நாணயம். உண்ட உணவு உயிரணுக்களில் எரிந்து தரும் சக்தி இந்நாணயமாக வார்க்கப்பட்டே தசைக்குச் செல்கிறது. அது பெரும்பாலும் வார்க்கப்படும் கம்மட்டம் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பே என்பதை 1948-49-ல் கென்னடியும் லெனிஞ்சரும் நிறுவினர். அந்த 1948-லேயே சுப்பாராவ் மறைந்துவிட்டார்.

ஹார்வர்டும் அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியிற் சேர்ந்தார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கும் உதவும் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வழங்கும் டையெதில்கார்பமசீனும் அவர் கூட்டத்தாரின் ஆக்கமே. ஆயினும் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை.

அந்நிய ஆட்சியின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிவிடலாமா? சுதந்திரம் பெற்ற நாம் 1995-ல் அவர் உருவப்படத்துடன் தபால்தலை வெளியிட்டோம். நன்று; ஆனால் தபால்தலை ஒரு மாணவனையும் ஆராய்ச்சியாளனாக்காது.

ஆராய்ச்சி நம் வறண்ட சீமைக்கு அந்நியமானதன்று. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகிறது. கரிசலின் சத்தை ஆராய்வதற்கு இடந்தந்த ஊர், கரிசலில் உழைப்போர் மக்களின் அறிவை வளர்க்க முடியாதா? ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும் பள்ளி நம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றிருந்தாலும் அது நமக்கு அவமானமே. தேருக்கும் திருவிழாவுக்கும் தாராளமாக வழங்கும் நம் வியாபாரப் பெருமக்கள், பள்ளிக்கொரு நுண்நோக்கியும் வழங்கலாகாதா?

இன்னொன்றும் சொல்வோம். உடையைப் பார்த்து மதிப்பெண் குறைத்த பேராசிரியர் போனார். சாதியையும் பேச்சுவழக்கையும் தகப்பன் தொழிலையும் பார்த்து மாணவனை எடைபோடும் குணம் போயிற்றா? அது போகும்வரை, அடுத்த சுப்பாராவையும் நாமே கப்பலேற்றி அனுப்புவோம்; பிறகு அவருக்கும் ஒரு தபால்தலை வெளியிடுவோம்.