பிக்கப் வண்டிக்குப் பெரிய சென்சார் போட்டால் இழுவை கூடுமா?

கேள்வி: ‘‘தக்காளி, முருங்கைக்காய் லோடு ஏற்றுவதற்காக டர்போ டீசல் பிக்கப் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை, கரும்புகையும் வருகிறது. பட்டறையில் ‘ஏர் மாஸ் சென்சார் போய்விட்டது’ என்கிறார்கள். டீலரிடம் விலை அதிகம். ஆன்லைனில் அதே மாதிரி சென்சார் கால்பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் கார் பட்டறையில் வேலை பார்க்கும் மகன், ‘ரேஸ் கார்களுக்குப் போடுவதுபோல பெரிய சென்சாராகப் போட்டால் பவரும் கூடும்’ என்கிறான். எதை வாங்கலாம்?’’

- விவசாயி ஒருவர், ஒட்டன்சத்திரம் பகுதி.

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இழுவைக் குறைவும் கரும்புகையும் சேர்ந்து வந்தால், சென்சாரைவிட ஹோஸ் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும்.

ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாயில் இந்த சென்சார் இருக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடையைக் கணக்கிட்டு, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இதன் வேலை. உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை மின்சாரம் சூடாக வைத்திருக்கும். காற்று வேகமாக ஓடினால் அந்தச் சூடு அதிகமாகக் குறையும். எவ்வளவு சூடு போகிறது என்பதை வைத்து காற்றின் எடை தெரிந்துவிடும்.

2.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, டர்போ அழுத்தம் இல்லாமலே கணக்குப்படி 2,500 லிட்டர் காற்றை இழுக்கும். சமவெளியில் அதன் எடை ஏறக்குறைய 3 கிலோ. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அதே அளவு காற்றின் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் அளவைப் பார்க்காமல் எடையைப் பார்க்கிறார்கள். புகை வராத அளவுக்கு டீசலைக் கட்டுப்படுத்தவும், புகைக்காற்றில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வை இயக்கவும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு தேவை.

தூசி படிந்த சென்சார் பெரும்பாலும் காற்றைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் குறைக்கும். இழுவை போகும், ஆனால், கரும்புகை அதிகம் இருக்காது. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் ஹோஸ் கிழிந்திருந்தால் கதையே வேறு. சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிடும். முழுக்காற்றும் வந்துவிட்டதாக நினைத்து டீசல் போகும். காற்று போதாமல் அது கரும்புகையாகும். வாய்க்காலின் தலைப்பில் மீட்டர் வைத்துத் தண்ணீரை அளந்துவிட்டு, நடுவில் கரை உடைந்ததைக் கவனிக்காமல் விட்ட கதைதான். இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வரும்.

பார்க்க வேண்டிய வரிசை:

1. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அதன் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவடை வயல்களில் ஓடும் வண்டிகளில் மூடி இடைவெளி வழியாகவே தூசி உள்ளே போகிறது.

2. டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் வரை உள்ள ஹோஸ்களையும் கிளாம்புகளையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். எண்ணெய்க் கசிவு, வெடிப்பு, கிளாம்ப் தளர்வு இருந்தால் அதுதான் இடம். மேடு ஏறும்போது ‘உஷ்’ என்ற சத்தம் கேட்டாலும் சந்தேகப்படலாம்.

3. சென்சாரின் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. இதற்குப் பிறகுதான் ஸ்கேனர். ‘பி 0100’ முதல் ‘பி 0104’ வரையிலான கோடுகள் இந்த சென்சார் சம்பந்தப்பட்டவை. அந்தக் கோடு வந்துவிட்டதாலேயே சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வயர் கோளாறு, காற்றுக் கசிவு ஆகியவற்றாலும் வரும். ஓட்டும்போது சென்சார் காட்டும் அளவையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

சென்சாரில் தூசி இருந்தால் சுத்தம் செய்து பார்க்கலாம். இதற்கென்று தனி ஸ்பிரே இருக்கிறது. சென்சார் ஆறிய பிறகு அடித்து, முழுவதும் உலர்ந்த பின் மாட்ட வேண்டும். பெட்ரோல், டீசல், கார்புரேட்டர் கிளீனர் எதுவும் கூடாது. பிரஷ்ஷால் தேய்ப்பதும், கம்ப்ரசர் காற்று அடிப்பதும் மெல்லிய தகட்டைக் கெடுத்துவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சென்சாரின் உடம்பில் அச்சாகியிருக்கும் பார்ட் நம்பரை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, அதே நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், கனெக்டரும் பொருந்தும். ஆனால், காற்றின் கணக்கு மாறியிருக்கும். வண்டி கம்பெனி டீலரிடம் விலை அதிகம் என்றால், அந்த சென்சாரைத் தயாரிக்கும் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் விசாரிக்கலாம். பில்லும் வாரன்டியும் கட்டாயம் வாங்க வேண்டும். கால்பங்கு விலைக்கு வருவது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குபவர்கள், திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சோடு வாங்கி, ஸ்கேனரில் பார்த்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மகன் சொல்லும் பெரிய சென்சார். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் ‘ஆர் 32’ காரில் 2 டர்போக்களும் 2 காற்று சென்சார்களும் உண்டு. டர்போ அழுத்தத்தைக் கூட்டும்போது காற்று அதிகமாகி, சென்சார் தன் உச்ச அளவான 5 வோல்ட்டைத் தொட்டு நின்றுவிடும். அதற்கு மேல் வரும் காற்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெட்ரோல் போதாமல் சூடு ஏறி, பிஸ்டனே உருகிப்போகலாம். அதனால்தான் நிஸான் 300 இசட்.எக்ஸ். காரின் பெரிய சென்சாரைப் பொருத்துகிறார்கள். கூடவே கம்ப்யூட்டரில் உள்ள கணக்கையும் மாற்றி எழுதுகிறார்கள். பவர் கூடியது டர்போ அழுத்தத்தாலும் எரிபொருளாலும்தான். சென்சார் அதை அளக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கை மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? 60 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 70 மில்லிமீட்டர் போட்டால் பரப்பு 36 சதவிகிதம் கூடும். அதே காற்று, 100-க்கு 73 என்ற வேகத்தில்தான் சென்சாரைக் கடக்கும். கம்ப்யூட்டர் காற்று குறைந்துவிட்டதாக நினைத்து டீசலைக் குறைக்கும். இருந்த இழுவையும் போகும். கிணற்று மோட்டாரை மாற்றாமல் டெலிவரி பைப்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு, பாய்ச்சல் வேகம் குறைந்துவிட்டதே என்று பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

லோடு வண்டியில் இன்ஜின் அமைப்பையும் கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றுவது வேறு சிக்கலையும் கொண்டுவரும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.

மகனுக்குக் கார் வேலை தெரிந்திருப்பது இந்தக் குடும்பத்துக்கு நல்லதுதான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு ஸ்கேனரை எடுத்துவரச் சொல்லி, மேற்சொன்ன வரிசையில் அவரையே பார்க்கச் சொல்லலாம். ஹோஸ்தான் காரணம் என்றால், செலவு ஹோஸோடும் கிளாம்போடும் முடிந்துவிடும். தக்காளி வரத்து கூடும் சமயத்தில், லோடோடு மலைப்பாதையில் வண்டி நின்றால் ஒரே நாளில் ஏற்படும் நஷ்டம் சென்சார் விலையைத் தாண்டிவிடும். அதனால், இந்தச் சோதனையை அறுவடைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.