படகை இழுப்பது வி8 பந்தா அல்ல!

அமெரிக்காவில் சின்னப் படகு வாங்கியவர்கள் அதை இழுக்கப் பழைய எஸ்யூவி தேடுவார்கள். கேட்கும் முதல் கேள்வி, "வி8 இருக்கா?" இந்த மோகத்துக்கு என்ன அர்த்தம்?

கணக்கு எளிது. 16 அடி அலுமினியப் படகு, மோட்டார், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் 2,500 பவுண்டைத் தாண்டாது. 2010 முதல் 2024 வரை வந்த டொயோட்டா ஃபோர்ரன்னரின் வி6 மாடலுக்கே 5,000 பவுண்டு இழுக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் கேட்பது பந்தாவுக்குத்தான்.

"பெரிய வண்டிதான் ரோட்டில் ஆடாது" என்பார்கள். வாதம் சரிதான், வண்டி நல்ல நிலையில் இருந்தால்! இழுவையில் பெரும்பாலும் முதலில் படுப்பது எஞ்சின் அல்ல, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மேட்டில் பாரம் இழுக்கும்போது அதன் ஆயில் சூடேறிக் கெடும். பிறகு உள்ளே கிளட்ச் தீயும். மெக்கானிக் எடுத்துக் காட்டும் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பாதி விலைக்கும் அந்த வண்டி வேண்டாம். ஓடோமீட்டர் இதைச் சொல்லாது.

"இழுத்ததே இல்லை சார்" என்பார் விற்பவர். ஹிட்ச் மாட்டும் குழாயின் உள்ளே பெயின்ட் தேய்ந்திருந்தால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்து ஃபிரேமைச் சுத்தியலால் தட்ட வேண்டும். கடல் உப்பும் பனிக்காலச் சாலை உப்பும் தின்ற துருவைப் புதுக் கறுப்புப் பெயின்ட் மறைக்கும், குணப்படுத்தாது.

துருப்பிடித்த ஃபிரேமிலிருந்து ஹிட்ச் பிய்த்துக்கொண்டால் வாங்கியவருக்குப் படகு போகும். பின்னால் வரும் காரில் இருப்பவருக்கோ உயிரே போகும். அவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?