'விட' என்ற சொல்லை விட்டுவிட்டு ஆங்கிலம் படிக்கலாமா?

ஆங்கிலப் பெயரடைகளை எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை, நான் அறிந்தவரையில், அரை நூற்றாண்டாகப் பெரிதாக மாறவில்லை. கரும்பலகையில் மூன்று நிரல்கள் இருக்கும். பிக், பிகர், பிகெஸ்ட். அதன் கீழே குட், பெட்டர், பெஸ்ட். வகுப்பு முழுவதும் ஒரே இராகத்தில் அவற்றைச் சொல்லும். கரும்பலகை போய் வெண்பலகை வந்தது. ரியூசன் கொட்டில்கள் மாடிக் கட்டடங்களாயின. இப்போது கைத்தொலைபேசியில் காணொளியாகவும் பாடம் கிடைக்கிறது. அதிலும் அதே மூன்று நிரல்கள்தாம். அவற்றை ஒரு பிழையுமின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "உன்னுடைய அண்ணா உன்னிலும் உயரமா என்பதை ஆங்கிலத்தில் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஆறு பிள்ளைகளாவது தடுமாறும்.

குற்றம் பிள்ளையினுடையதன்று. ஒப்பீட்டுச் சொல்லின் உருவத்தைக் கற்பிக்கிறோமே தவிர, ஒப்பிடுதல் என்ற செயலைக் கற்பிப்பதில்லை. அதிலும் மோசமானது, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த தமிழை வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்வது. ஆங்கிலம் படிக்க வேண்டுமாயின் தமிழை மறந்துவிட்டு யோசி என்பது எங்கள் ஆசிரியர் பலரின் வேதவாக்கு. இந்த வேதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

தமிழில் நாம் எவ்வாறு ஒப்பிடுகிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். "தம்பியைவிட அண்ணா உயரம்" என்கிறோம். இங்கே 'உயரம்' என்ற சொல்லுக்கு ஒரு மாற்றமும் நேரவில்லை. எவரோடு ஒப்பிடுகிறோமோ அவருடைய பெயரில்தான் அடையாளம் விழுகிறது. 'விட' என்பது விடு என்ற வினையிலிருந்து வந்தது. தம்பியை ஓரிடத்தில் விட்டுவிட்டு அண்ணாவிடம் போகிறோம். 'காட்டிலும்' என்பதில் காட்டு என்ற வினையும், 'பார்க்கிலும்' என்பதில் பார் என்ற வினையும் இருக்கின்றன. ஆங்கிலமோ பாரத்தைப் பெயரடையின் தலையில் ஏற்றுகிறது. உயரம் என்ற சொல்லே உருமாற வேண்டும். அதன் பின்னர் 'தான்' என்ற இணைப்புச் சொல் வேறு வரவேண்டும். (எமது தேற்றத் 'தான்' வேறு, இது வேறு.)

இதை ஒரு தடவை விளக்கிவிட்டால் பிள்ளைகள் விடும் பிழைகளின் காரணம் பளிச்சென்று தெரிந்துவிடும். பெயரடையை மாற்றாமல் 'தான்' மட்டும் போட்டு எழுதுகிற பிள்ளை தமிழின் தர்க்கத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. 'மோர்' என்பதையும் போட்டு விகுதியையும் சேர்க்கிற பிள்ளை, 'இன்னும் உயரம்' என்று தமிழில் அழுத்திச் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லப் பார்க்கிறது. சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அவர்களுடைய 'வடா' என்ற சொல்லும் எங்களது 'விட' போலவேதான் வேலை செய்கிறது, பெயரடை அசையாது. இந்த நாட்டில் இரு சமூகங்களும் எதில் ஒன்றுபடாவிட்டாலும் ஆங்கில ஒப்பீட்டில் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன.

இரட்டை ஒப்பீட்டைப் பெரும் பாவமாக எண்ணிப் பிள்ளைகளை ஏசும் ஆசிரியர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சேக்ஸ்பியர் அதைச் செய்திருக்கிறார். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் அந்தோனியின் புகழ்பெற்ற உரையிலேயே 'மோஸ்ட்' என்பதும் உச்ச விகுதியும் ஒரே சொல்லில் சேர்ந்து வருகின்றன. அக்காலத்தில் அது பிழையன்று, அழுத்தம். அதைத் தகாததென்று விதித்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணகாரர். பின்னாளில் இலண்டன் ஆயரான றொபேட் லோத், 1762இல் வெளிவந்த தமது இலக்கண நூலில் இரட்டை ஒப்பீட்டைக் கண்டித்தார். ஆனால் பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து வரும் இரட்டை உச்சத்துக்கு மட்டும் விலக்களித்தார். கடவுளுக்குக் கிடைத்த சலுகை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. விதியைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சையில் புள்ளி போய்விடும், கற்பிக்கத்தான் வேண்டும். ஏசாமல் கற்பிக்கலாம்.

எமது பழைய இலக்கணத்திலும் இதற்கு இடமுண்டு. ஐந்தாம் வேற்றுமை உருபாகிய 'இன்' என்பதற்கு நன்னூல் தரும் பொருள்களுள் நீங்கலும் ஏதுவும் மட்டுமன்றி ஒப்பும் எல்லையும் அடங்கும். "பனையின் உயர்ந்தது கோபுரம்" என்று ஒருவர் எழுதினால் பனையைப்போல் உயர்ந்தது என்றும் கொள்ளலாம், பனையிலும் உயர்ந்தது என்றும் கொள்ளலாம். இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இந்த இரட்டுறலுக்கு இடமில்லை. சமம் என்பதற்கு ஓர் அமைப்பு, கூடுதல் என்பதற்கு இன்னோர் அமைப்பு. ஆங்கிலம் கற்பதன் உண்மையான பயன்களுள் ஒன்று இந்தக் கறார்த்தன்மையைப் பழகுவது என்பது எனது அபிப்பிராயம்.

இந்தக் கறார் எங்கள் தொழிலில் எவ்வளவு தேவை என்பதை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் இருந்தவர்கள் அறிவர். 'மிக' என்ற எமது சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'வெரி' என்பதற்கும் 'மிக', 'மோஸ்ட்' என்பதற்கும் 'மிக'. "இலங்கையின் மிக உயரமான மலை" என்றால் எல்லாவற்றிலும் உயரமானது. "மிக உயரமான மலையொன்று" என்றால் நல்ல உயரமானது, அவ்வளவுதான். அவசரத்தில் அந்த 'ஒன்று' உதிர்ந்துவிடும். சிவனொளிபாதமலைதான் நாட்டின் உச்சி என்று நம்பும் வாசகர்களை இன்றும் சந்திக்கிறேன். அது 2,243 மீற்றர். பீதுருதாலகாலை 2,524 மீற்றர். திருகோணமலையை, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில், உலகின் பெரிய துறைமுகம் என்று எழுதிவிடுவார்கள். சிறந்தது வேறு, பெரியது வேறு. இரண்டுக்கும் அளவுகோலே வேறு.

இதைவிட ஆபத்தான பெயரடைகள் சில உண்டு. அவை எந்த நிரலிலும் ஏறா. 'சந்தேகத்துக்குரிய', 'குற்றஞ்சாட்டப்பட்ட', 'எனக் கூறப்படும்' என்று நாம் தமிழாக்கும் சொற்கள் ஒரு பொருளை வர்ணிப்பவையல்ல. சொல்லப்பட்டதை உறுதிப்படுத்தாமல் நிறுத்தி வைப்பவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்த நாட்டில், அந்த ஒரு பெயரடை மொழிபெயர்ப்பில் உதிர்ந்தால், தடுப்புக்காவலில் இருக்கும் ஓர் இளைஞன் அச்சேறிய பத்திரிகையில் குற்றவாளியாகிவிடுவான். நீதிமன்றம் பின்னர் விடுவித்தாலும் ஊர் விடுவிக்காது. பள்ளிக்கூடத்தில் இத்தகைய பெயரடைகளைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நிற்க. புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இவை தூரத்துக் கதைகளாகத் தோன்றலாம். அவர்களுடைய வீட்டுக்கே வருகிறேன்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படும் எங்கள் அம்மம்மாமாருக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளை. கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள், கேட்பவர்கள் குறைவு. அம்மம்மா தனது நோவைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். கால் உளையுது. கை கடுக்குது. தலை விண்விண் எண்டு தெறிக்குது. வயிறு பிசையுது. நெஞ்சு எரியுது; அல்லது நெஞ்சை அமத்துது. ஒன்றுகூடப் பெயரடையில்லை, எல்லாம் வினைச்சொற்கள். நாம் வலியை வர்ணிப்பதில்லை. வலி என்ன செய்கிறது என்று சொல்கிறோம். பேரனிடம் இருப்பவை 'பாட்', 'வெரி பாட்' என்ற இரண்டு பெயரடைகள். எரிகிற நெஞ்சும் அமத்துகிற நெஞ்சும் அவனுடைய வாயில் ஒன்றாகிவிடுகின்றன. வைத்தியருக்கு அவை ஒன்றல்ல. நெஞ்சை அழுத்திப் பிடிப்பது போன்ற வலி என்று கேட்டவுடன் அவருடைய எண்ணம் இதயத்துக்குத்தான் முதலில் போகும்.

வைத்திய உலகம் இந்த விடயத்தை அற்பமாக எண்ணவில்லை. மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் றொனால்ட் மெல்சாக், 1975இல் வலிபற்றிய வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டார். வலியை வர்ணிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் 20 தொகுதிகளாக அதில் உள்ளன. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் சொற்கள் கடுமை ஏறும் வரிசையில் நிற்கின்றன. வெப்பம் பற்றிய தொகுதியில் சுடுதல், எரிதல், பொங்கும் நீர் பட்டாற்போல் வேகுதல், பழுக்கக் காய்ச்சிய இரும்பு பட்டாற்போல் தீய்தல் என்ற முறையில் படி ஏறுகிறது. விகுதியுமில்லை, 'மோர்' என்பதுமில்லை. ஆயினும் அதைவிடத் திருத்தமான ஒப்பீடு வேறேது?

அந்த 78 சொற்களில் பெரும்பாலானவை ஆங்கில வினைகளில் 'இங்' சேர்த்து ஆக்கப்பட்டவை. குத்து என்ற வினையிலிருந்து 'ஸ்டாபிங்'. எரி என்ற வினையிலிருந்து 'பேர்னிங்'. நாங்கள் 'குத்துகிற நோ', 'எரிகிற நோ' என்று பெயரெச்சம் அமைப்பதும் இதே வழியில்தான். அம்மம்மாவின் தமிழிலிருந்து வைத்தியரின் ஆங்கிலத்துக்குப் பாலம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது; அதைப் பிள்ளைக்குக் காட்ட ஆளில்லை.

இன்னொரு சொல் 'பெட்டர்'. வைத்தியசாலையிலிருந்து தாதி ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னால், நேற்று இருந்த நிலையைவிட இன்று பரவாயில்லை என்பதே பெரும்பாலும் கருத்து. ஊருக்கு அது "அம்மாவுக்குச் சுகமாம்" என்று போய்ச் சேருகிறது. மூன்று நாளில் மரணச் செய்தி வரும்போது, வைத்தியர்கள் எதையோ மறைத்துவிட்டார்கள் என்று குடும்பம் குமுறுகிறது. எவரும் மறைக்கவில்லை. அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் ஒரு 'விட' இருந்தது. தமிழாக்கியவர் அதைக் கழற்றிவிட்டார். இப்படியான கதைகள் பலவற்றைப் பல நாடுகளிலுள்ள நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே ஆசிரியர்கள் மூன்று நிரல்களை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னர் ஒரு கிழமையைத் தமிழுக்குக் கொடுக்கட்டும். ராமு சோமுவைவிட உயரம் என்ற உப்புச்சப்பில்லாத உதாரணங்களை விடுத்து, மகாவலி 335 கிலோமீற்றர், அருவி ஆறு 164 கிலோமீற்றர் என்று எழுதிப் போட்டு, எது எதைவிட எவ்வளவு நீளம் என்று முதலில் தமிழில் சொல்லவைத்து, பின்னர் ஆங்கிலத்துக்குப் போகட்டும். அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம் என்று பெயரடைகள் நிற்க வேண்டிய வரிசையை மனனம் செய்யும்படி பிள்ளைகளை வதைப்பது அவசியமில்லை. அது கேட்டுக் கேட்டு வருவது. அந்த நேரத்தில் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் நோவுக்கான சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

'உளைவு' என்பதற்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. 'ஏக்கிங்' அருகில் வருகிறது; ஆனால் கடுப்பையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல என்பது நாரியுளைவு உள்ளவர்களுக்குத் தெரியும். வைத்தியத் துறையிலுள்ள வாசகர்கள் எவராவது தாங்கள் பயன்படுத்தும் சொல்லை எழுதி அனுப்பினால் அடுத்த தடவை தருகிறேன்.