மடிக்கணினியின் முதல் வாசல்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில், கணினி எவ்வாறு தொடங்குகிறது என்று படிக்கிறோம். பரீட்சையிலும் வரிசை தவறாமல் எழுதுகிறோம். ஆனால் நம் சொந்த மடிக்கணினி ஒருநாள் தொடங்க மறுத்தால், உடனே அதைப் பையில் வைத்துக் கண்டி நகரத்துத் திருத்தும் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். படிப்புக்கும் பழக்கத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பெண் பிள்ளைகளாகிய நாம் இனியும் விட்டுவைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஆளியை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையில் இருக்கும் பயோஸ் என்ற சிறிய மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. புதிய கணினிகளில் அதன் வாரிசுக்கு யூ.ஈ.எஃப்.ஐ. என்று பெயர். அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்த பின், பணிசெயல் முறைமையை எங்கே தேடுவது என்று தன்னிடமுள்ள பட்டியலைப் பார்க்கும். கணினி தொடங்கும்போதே எஃப் 2, எஃப் 10, டிலீட் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும். எந்த விசை என்பது கணினியைச் செய்த நிறுவனத்தைப் பொறுத்தது. வெளியே பென்டிரைவ் செருகும் யூ.எஸ்.பி. துறைகளைத் திறக்கவும் மூடவும் பல மடிக்கணினிகளில் அங்கேயே வழி உண்டு.

இதை அறிந்தவள் சின்னக் கோளாறுக்குக் கலங்க மாட்டாள். பட்டியலில் யூ.எஸ்.பி. முதலிடத்தில் இருந்து, பென்டிரைவும் செருகியபடியே இருந்தால், தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று சில கணினிகள் நின்றுவிடும். வன்தட்டு பழுதானாலும் அதே செய்தி வரலாம்தான். ஆனால் பென்டிரைவைக் கழற்றிப் பார்க்கக் காசு தேவையில்லை. அக்குறணையிலிருந்தோ மடவளையிலிருந்தோ பஸ் ஏறி வரவும் தேவையில்லை.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. விண்டோஸ் கடவுச்சொல் வீட்டின் உள் அறைப் பூட்டு மட்டுமே. லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவால் கணினியைத் தொடங்கினால், வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாதபோது, கடவுச்சொல் இல்லாமலே கோப்புகளைப் பார்க்கலாம். உம்மாவின் படம், தங்கையின் படம், கல்யாண வீட்டில் தோழிகளோடு எடுத்த படம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவை நமக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பிறர் நம்மை நம்பி விட்ட அமானிதம். திருத்துபவர்கள் எல்லாரும் தவறானவர்கள் என்று நான் சொல்லவில்லை. சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதற்குச் செய்ய வேண்டியவை சிலதான். பட்டியலில் உள் வன்தட்டை முதலில் வைக்க வேண்டும். யூ.எஸ்.பி. மூலம் தொடங்கும் வசதியை நிறுத்த வேண்டும். அந்த அமைப்புகளுக்கே ஒரு கடவுச்சொல் இட வேண்டும். அதை மறந்தால் மீட்பது கடினம் என்பதால் எழுதிப் பத்திரப்படுத்தவும் வேண்டும். வன்தட்டைக் கழற்றி எடுப்பவரை இவை தடுக்கமாட்டா. அதற்கு மறைகுறியாக்கம்தான் காவல்.

“அங்கே கை வைத்தால் கணினி செத்துவிடும்” என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சீ.ஐ.எச். என்ற வைரஸ் பல கணினிகளின் பயோஸையே அழித்தது. பயோஸைப் புதுப்பிக்கும்போது பாதியில் மின்சாரம் போனாலும் கணினி முடங்கலாம். 2022 இன் மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் புதுப்பிப்பது வேறு, தொடங்கும் வரிசையை மாற்றுவது வேறு. வரிசை பிழைத்தால் பழைய நிலைக்குத் திருப்ப அங்கேயே வழி இருக்கிறது. பிட்லொக்கர் போட்டிருந்தால் மட்டும், அதன் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு தொட வேண்டும்.

இன்னொரு தேவையும் வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளை வீசத் தேவையில்லை, லினக்ஸில் ஓட்டலாம். நம் கண்டியைப் பார்த்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரிலேயே, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, நம் நாட்டவர்கள் ஹந்தானா லினக்ஸ் என ஒன்றை உருவாக்கினார்கள். எந்த லினக்ஸையும் பென்டிரைவிலிருந்து நிறுவ, அதே பட்டியலைத்தான் திறக்க வேண்டும்.

பாடசாலைக் கணினி அறையில் இந்த அமைப்புகள் பூட்டப்பட்டிருப்பது சரியே. பலர் கை படும் கணினிக்குப் பூட்டு அவசியம். ஆனால் பழைய கணினி ஒன்றைத் திறந்துவைத்து, ஒரே ஒரு பாடவேளையில் ஒவ்வொரு மாணவியும் அந்தத் திரையைத் தன் கையால் திறந்து, மாற்றி, மீண்டும் சரிசெய்ய வாய்ப்பளிக்கலாம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்களுக்கு மட்டுமல்ல, கலைப்பிரிவு மாணவிகளுக்கும் அந்த ஒரு பாடவேளை வேண்டும். மடிக்கணினி அவர்களிடமும் இருக்கிறது, அமானிதமும் இருக்கிறது.